நடைபாதை வியாபாரத்துக்குச் சட்டம் வேண்டும்

பதிவோ எழுத்துமூல ஒப்பந்தமோ ஊழியர் சேமலாப நிதியோ இன்றி, சட்டம் தடைசெய்யாத பொருள்களையும் சேவைகளையும் விற்று நடைபெறும் தொழில்களின் தொகுதியே முறைசாராப் பொருளாதாரம் எனப்படுகிறது. உலகில் வேலை செய்யும் பத்துப் பேரில் ஆறு பேர் இத்தகைய தொழில்களில் உள்ளனர் எனச் சர்வதேச தொழில் தாபனம் 2018இல் கணக்கிட்டது. இலங்கையிலும் உழைப்போரில் அரைவாசிக்கும் மேற்பட்டோரின் நிலை அதுவே. அவர்களுள் கொழும்பின் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கடை விரிப்போரை அப்புறப்படுத்துவதே நகர நிர்வாகத்தின் கொள்கையாகப் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அக்கொள்கை கைவிடப்பட வேண்டும்.

அதன் தோல்விக்குப் புறக்கோட்டை மிதக்கும் சந்தையே சான்று. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்கிய காலத்தில், 2014இல், நடைபாதையிலிருந்து அகற்றப்பட்ட வியாபாரிகளுக்கெனத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளுடன் திறக்கப்பட்ட அச்சந்தையின் கடைகள் சில ஆண்டுகளிலேயே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு திரும்புபவர் வழியிற் கண்ட கீரைக்கட்டை வாங்குவாரேயன்றி, அதற்கென இன்னொரு கட்டடத்தைத் தேடிச் செல்லமாட்டார். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் கூட்டமே அங்கு மெழுகுதிரி விற்பவரின் முதல். அவரை வேறு வீதிக்கு மாற்றினால் அந்த முதல் அழிகிறது.

நடைபாதையில் விரித்த படங்கின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். சரக்கைப் பறிமுதல் செய்யும் மாநகர சபை லொறி வருவது தெரிந்ததும் ஒரே இழுப்பில் பொருள்களை மூட்டையாக்கி ஓடுவதற்கான ஏற்பாடு அது. ஓட முடியாத நாளில், வட்டிக்கு வாங்கிய பணத்தில் கொள்வனவு செய்த சரக்குப் போய்விடுகிறது. வட்டி மட்டும் எஞ்சுகிறது.

நடைபாதை முதலில் நடப்பவருக்கே உரியது என்பதும், சக்கர நாற்காலியில் செல்பவர் வீதிக்கு இறங்க நேர்வது அநீதி என்பதும், வாடகை செலுத்தும் கடைக்காரரின் முறைப்பாட்டில் நியாயமுண்டு என்பதும் மறுக்கத்தக்கவையல்ல. ஆயினும் இடத்தையும் நேரத்தையும் அகலத்தையும் வரையறுக்கும் அனுமதிப்பத்திரமே இவற்றுக்கு உரிய தீர்வாகும். துரத்தப்பட்டவர் மறுநாளே அதே இடத்துக்குத் திரும்புவதால், வியாபாரிக்கும் பாதசாரிக்கும் துரத்தலால் பயன் விளைவதில்லை.

இந்தியா 2014இல் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எவரும் அகற்றப்படலாகாது என்றும், இடங்களை வகுக்கும் நகரக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அதனைச் செயற்படுத்துவதில் பல நகரங்கள் பின்தங்கியிருப்பினும், நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அங்குள்ள வியாபாரியிடம் ஒரு சட்டமேனும் இருக்கிறது. சட்டபூர்வமான எத்தொழிலிலும் ஈடுபடும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் உறுதிசெய்கிறது. பாராளுமன்றம் அச்சுதந்திரத்தை நடைபாதைக்கும் எட்டச்செய்யும் சட்டமொன்றை இயற்ற வேண்டும். அதுவரை, வியாபாரிகளைக் கணக்கெடுக்காமல் ஒரு படங்கையேனும் அகற்றுவதில்லை என்று கொழும்பு மாநகர சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.