மையவாடியில் ஆறடி உண்டு, சாலையில் இல்லையா?



பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் திருச்சுழி கடைவீதியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வரும் பஸ் ஒரு பக்கம், நரிக்குடிக்குப் போகும் லாரி மறுபக்கம். நடுவே ஹாரனை அலறவிட்டுப் பாயும் மோட்டார் பைக்குகள். இவற்றுக்கு ஓரத்தில், புத்தகப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்து வருகிறாள் ஒரு பெண் பிள்ளை. கையில் பையோடு தட்டுத் தடுமாறி நடந்து வருகிறார் ஒரு முதியவர். இந்த இருவருக்கும் அந்தச் சாலையில் என்று ஒதுக்கப்பட்ட இடம் எது? காட்ட முடியுமா உங்களால்?

செத்த மனிதனுக்கு மையவாடியில் ஆறடி இடம் தருகிறோம். உயிரோடு நடக்கிறவனுக்குச் சாலையோரத்தில் அந்த ஆறடியைத் தர மறுக்கிறோம். இதுதான் நீதியா?

நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு விதி. ஏறக்குறைய அதே ஆறடி! விதி புத்தகத்தில் இருக்கிறது. பாதைதான் பூமியில் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாம் சொல்லவில்லை, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சொன்ன கணக்கு. அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நம் தமிழ்நாட்டுக்கு! 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

காரில் போகிறவனுக்குத் தகரக் கூடு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது. நடக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? சாகிறவன் கூலிக்காரன், பால்காரன், கரிமூட்டத்துக்குப் போகிறவன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அதனால்தான் இது எவருக்கும் உறைக்கவில்லை. 'தலைவிதி' என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். சாலையை வரைந்தவர் ஓரத்தை மறந்துபோனது விதியா, அலட்சியமா? சிந்தியுங்கள்!

சைக்கிள் தந்தார்கள், வழி தரவில்லை

2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கியது தமிழக அரசு. பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ, மாணவியருக்கெல்லாம் அது விரிந்தது. நல்ல திட்டம், பாராட்டுவோம். ஆனால் ஒரு கேள்வி. சைக்கிளைக் கொடுத்த கை, அது ஓடுவதற்குப் பாதுகாப்பான மூன்றடி இடத்தைக் கொடுத்ததா? பிள்ளையின் கையில் சைக்கிளைக் கொடுத்து, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அனுப்பிவைப்பதற்குப் பெயர் நலத்திட்டமா?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், லட்சம் பெண்களுக்குக் குறையாமல் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரியில் உழைத்த பெண்கள், வயலில் உழைத்த பெண்கள், நம் வீட்டுப் பெண்களும்தான்! கேலி பேசியவர்களைப் பொருட்படுத்தாமல் மிதித்தார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. அண்ணனையும் கணவனையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போய் வந்தார்கள். அப்படிப்பட்ட சைக்கிளை இன்று ஒரு தாய் தன் மகளிடம் கொடுக்க அஞ்சுகிறாள் என்றால், அஞ்ச வைத்தது யார்? சாலை அல்லவா!

வேகம் இரட்டித்தால்...

மதுரை – தூத்துக்குடி நால்வழிச் சாலையைப் பாருங்கள். தூத்துக்குடிச் சரக்கு வேகமாகப் போகட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள்ளும் அதே வேகத்தில்தான் வண்டி வர வேண்டுமா? வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், மனிதர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடத்தில் 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்று அறிவித்தார்கள். நம் கடைவீதியில் 60-ல் பாய்கிறவனை யார் கேட்கிறார்கள்?

இன்று சைக்கிளுக்குப் பெயர்போன ஹாலந்து அப்படியே பிறந்த நாடு அல்ல. 1971-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல், அதில் குழந்தைகள் மட்டும் நானூறுக்கும் மேல். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார். பெற்றோர்கள் 'குழந்தைப் படுகொலையை நிறுத்து' என்று வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நாம் கேட்டோமா?

சட்டம் நம் பக்கம்

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இடையூறில்லாத நடைபாதை, அரசியல் சாசனம் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களுக்கும் சைக்கிள் போன்ற வாகனங்களுக்கும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பின் தரக்குறைவால் உயிர் போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உரிமை எழுதப்பட்டுவிட்டது. அதை எடுத்துக் கேட்கிறவர்தான் இல்லை!

வணிகச் சகோதரர்களே, இது நமக்கு!

அதிகாரியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. கடைக்கு முன்னால் கூரை இறக்கியது யார்? அரிசி மூட்டையையும் பிளாஸ்டிக் குடத்தையும் வெளியே அடுக்கியது யார்? அதற்கு அப்பால் நமது பைக், அதற்கும் அப்பால் சரக்கு இறக்கும் வேன். கடைசியில் கர்ப்பிணிப் பெண் நடுரோட்டில் நடக்கிறாள்.

பாதையில் கிடந்த முள்கிளையை அகற்றிய ஒரு மனிதருக்கு அதற்காகவே பாவமன்னிப்புக் கிடைத்தது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நாம் அறிந்ததுதான். நம் ஊரில் சீமைக் கருவேலம் தார் விளிம்பு வரை வளர்ந்து, சைக்கிள்காரனை நடுரோட்டுக்குத் தள்ளுகிறது. முள்ளை அகற்றுவது நன்மை என்றால், நம் மூட்டையை நாமே வைத்து வழியை மறிப்பது எதில் சேரும்?

வியாபாரம் கெடும் என்கிறீர்களா? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் உங்கள் கடைப் பலகையைக்கூடப் படிக்க மாட்டான். நின்று, பார்த்து, விலை கேட்டு வாங்குகிறவன் நடந்து வருகிறவன்தான். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகன்ற நடைபாதை போட்டார்கள். அந்தக் கடைவீதி இன்றும் கடைவீதியாகத்தான் இருக்கிறது.

இளைஞர்களே, நீங்கள் மட்டும் விதிவிலக்கா? பைக்கைக் கடைவீதியில் பறக்கவிடுவது வீரமல்ல. அந்த ஓரத்தில் நடப்பது உங்கள் வாப்பாவாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

1. வருகிற கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், கடைவீதி ஆகிய இடங்களில் வேகத்தடை, கடக்கும் கோடு, விளக்கு, இருபுறமும் நடைபாதை கேளுங்கள்.

2. புதிதாகத் தார் போடும்போது ரோடு உயர்ந்து விளிம்பு பள்ளமாகிறது. சைக்கிள் சரிவது அங்கேதான். விளிம்பில் மண் நிரப்பாமல் வேலை முடிந்ததாகக் கணக்கு எழுத விடாதீர்கள்.

3. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள். நம் சாலை மதிப்பீட்டில் நடைபாதைக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

4. தெருவோர வியாபாரியை அடித்து விரட்ட இதைச் சாக்காக்க அனுமதிக்காதீர்கள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. தள்ளுவண்டிக்காரனும் ஏழைதான், நடப்பவனும் ஏழைதான். இருவரையும் மோத விட்டு அதிகாரி ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

5. இவை அனைத்துக்கும் முன்னால், நாளைக் காலை கடை திறக்கும்போது உங்கள் வாசல் மூட்டையை உள்ளே தள்ளி வையுங்கள். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஜனாஸாவைத் தோளில் சுமந்து போகும்போது மட்டும் சாலை நமக்கு வழி விடுகிறது. உயிரோடு இருப்பவர்களுக்கும் அது வழி விட வேண்டும். அதைக் கேட்டுப் பெறப்போகிறோமா, அல்லது அடுத்த ஜனாஸாவுக்காகக் காத்திருக்கப்போகிறோமா?

முடிவு உங்கள் கையில்!