செல்போன் சொல்லும் சமையல்

முன்பெல்லாம் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு, மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். இன்று செல்போனைத் தட்டினால் சாம்பாருக்கே நூறு குறிப்பு வந்து நிற்கிறது. எதை நம்புவது?

நான் முதலில் பார்ப்பது அளவை. 'ஒரு கப்' என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். பாயசம், உப்புமாவுக்கு எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் கெடாது. கேக்குக்கு முட்டை எண்ணிக்கையில், பேக்கிங் பவுடர் ஸ்பூனில். அங்கே கப் மாறினால் வம்புதான். கிராம் கணக்கு கொடுத்திருந்தால் நல்லது.

அடுத்தது பக்குவம். அதிரசத்துக்குப் 'பாகு காய்ச்சவும்' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? தண்ணீரில் விட்டால் இளக்கமாக உருட்ட வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரா, பாருங்கள். சொன்னவர் செய்து பார்த்தவர். பிறகு, ஒரே பலகாரத்துக்கு மூன்று குறிப்புகளை ஒப்பிடுங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பதே அடிப்படை. மற்றது அவரவர் கைமணம்.

பலகாரம் கெட்டால் மாவோடு போச்சு. குழந்தை ஆகாரம் அப்படியல்ல. எங்கள் எதிர் வீட்டில் ஏழு மாதக் குழந்தை. "கேழ்வரகுக் கூழில் தேன் கலந்து கொடுக்கலாம்னு வீடியோவில் சொல்றாங்க அக்கா" என்று பாட்டிலும் கையுமாக வந்தாள் அந்தப் பெண். "வேண்டவே வேண்டாம்மா" என்று தடுத்தேன். தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிறு தாங்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, கை கால்களைத் தளர்த்தி, மூச்சையே தடுத்துவிடலாம். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது.

ஆகவே, குழந்தை ஆகாரத்தில் சந்தேகம் வந்தால் குழந்தை டாக்டரைக் கேளுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்களேன்.

இன்னொன்று: சரியாக வந்த குறிப்பை உங்கள் டம்ளர் கணக்கில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் வந்தது நாளைக்கே காணாமல் போகலாம்; நோட்டு உங்கள் மகளுக்கும் உதவும்!