இசைக்கு மொழி கிடையாதாம்... அப்படியா?

தில்லியில குப்பை கொட்டுற தமிழர் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய வசனம் இது: "இசைக்கு மொழி கிடையாது ஜி!" ஆபீஸ் கேன்டீன்ல கேட்டிருப்பீங்க, சொசைட்டி தீபாவளி விழாவுல கேட்டிருப்பீங்க. ரஹ்மான் பேச்சு வந்தா இதுவும் கூடவே வந்துடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மக்களே, இந்த வசனத்தை யாரு, யார்கிட்ட, எப்போ சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா?

2017 ஜூலை 8. லண்டன் வெம்ப்ளி அரங்கத்துல ரஹ்மான் கச்சேரி. ரோஜா வந்து 25 வருஷம் ஆன வருஷம். கச்சேரியோட பேரு 'நேற்று இன்று நாளை'. பேரே தமிழ்ல இருக்கு. அதுக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போன இந்தி ரசிகர்கள் சிலர், தமிழ்ப் பாட்டு ஜாஸ்தின்னு பாதியில எழுந்து போனாங்க. ட்விட்டர்ல வந்து "காசைத் திருப்பிக் கொடு"ன்னு கேட்டாங்க. கச்சேரிக்குப் போன மத்தவங்க பாட்டுப் பட்டியலை எடுத்துப் போட்டாங்க. பார்த்தா, இந்திப் பாட்டுக்கு அங்க ஒரு பஞ்சமும் இல்ல!

அப்ப கணக்கு என்னன்னா, இந்தியில பாடினா இசைக்கு மொழி கிடையாது. தமிழ்ல பாடினா உடனே மொழி முளைச்சிடும். நாம மூணு மணி நேரம் இந்திப் பாட்டு கேட்டாலும் 'கலாரசனை', அவங்க நாலு தமிழ்ப் பாட்டு கேட்டா 'ஏமாத்திட்டாங்க'. நல்லா இருக்குய்யா நியாயம்.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. இந்தி ரசிகருக்கு ரஹ்மான் எப்படிக் கிடைச்சார்? 1992-ல ரோஜா, 1994-ல காதலன், 1995-ல பம்பாய். எல்லாமே தமிழ்ல போட்ட மெட்டு, அப்புறம் இந்தி வார்த்தை ஒட்டினது. அவர் நேரா இந்திக்குன்னே இசையமைச்ச முதல் படம் ரங்கீலா, 1995-ல. அதுக்கு முன்னாடி வடக்கே பைத்தியமா கேட்ட ரஹ்மான் கேசட் எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதான். அதோட முடிஞ்சுதா? 2002-ல வந்த சாத்தியா பாட்டுங்கள்ல பலதும் 2000-த்துல வந்த அலைபாயுதே மெட்டுங்க. 'சின்னச் சின்ன ஆசை'யைத் தமிழ்ல பாடின அதே மின்மினிதான் இந்தியிலயும் பாடினாங்க. அந்தப் பாட்டுக்கு வைரமுத்துவுக்கும், அந்தப் படத்துக்கு ரஹ்மானுக்கும் தேசிய விருது கிடைச்சுது. கொடுத்தது இதே தில்லிதான்.

விருதுக் கணக்கையும் பார்த்துடலாம். ரஹ்மானுக்கு இதுவரை 7 தேசிய விருது. ரோஜா, மின்சார கனவு, கன்னத்தில் முத்தமிட்டால், காற்று வெளியிடை, பொன்னியின் செல்வன் முதல் பாகம்... 5 தமிழ். லகான், மாம்... 2 இந்தி. காற்று வெளியிடை வந்தது அதே 2017-ல, வெம்ப்ளிக்கு மூணு மாசம் முன்னாடி. ஆக, எழுந்து போனவங்க பிடிக்காத எக்ஸ்ட்ராவை விட்டுட்டுப் போகல. அவங்க ஆசையா வளர்த்த மரத்தோட வேரை விட்டுட்டுப் போனாங்க.

"டிக்கெட் காசு கொடுத்தவன் கேட்கக்கூடாதா?"ன்னு ஒரு கேள்வி வரும். தாராளமா கேட்கலாம். 2023 செப்டம்பர் 10, சென்னை பனையூர்ல 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி. கையில டிக்கெட் வெச்சிருந்தும் எத்தனையோ பேரால உள்ளேயே போக முடியல. நெரிசல்ல பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு ஊரே பார்த்தது. அவங்க காசு கேட்டது நியாயம். ரஹ்மானே டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். ரசிகன்னா எல்லாத்தையும் பொறுத்துக்கணும்னு நான் சொல்லல. உள்ள விடலைன்னா சண்டை போடு. உள்ள உட்கார வெச்சுப் பாடினதுக்கு எதுக்குச் சண்டை?

இப்ப நம்ம பக்கம் பாருங்க. 2008-ல ஜோதா அக்பர்ல ரஹ்மான் 'க்வாஜா மேரே க்வாஜா' பாடினார். 2011-ல ராக்ஸ்டார்ல 'குன் ஃபாயா குன்'. படத்துல அந்தப் பாட்டு நடக்கிற இடம் நம்ம தில்லி நிஜாமுதீன் தர்கா. 'குன் ஃபாயா குன்' அரபி. நம்மள்ல எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்? ஆனா அந்தக் குரல் இறங்கி வந்து கெஞ்சுறப்போ கண்ணு கலங்காத தமிழ் வீடு உண்டா? யாராவது அரபி எதுக்குன்னு கேட்டோமா? ஆக, இசைக்கு மொழி உண்டு. அரபியும் உண்டு, உருதுவும் உண்டு, தமிழும் உண்டு. கேட்கத் தயாரா இருக்கிற காதுக்கு அது தடையில்ல, அவ்வளவுதான்.

சரி, ஊரான் மேல பாய்ஞ்சாச்சு. நம்ம ஆளுங்க? என்னோட அசல் கோபம் இங்கதான். சொசைட்டி விழாவுல குழந்தை பாட மேடையேறும். அம்மா கீழருந்து, "இந்தி வெர்ஷன் பாடுடா கண்ணா, எல்லாருக்கும் புரியும்"பாங்க. அப்பா தலையாட்டுவார். யாரும் நம்மளைக் கேட்கல, மிரட்டல. நாமளே முந்திக்கிட்டு ஒதுங்குறோம். கரோல் பாக்ல தோசை மாவு தேடி அலையறோம், ஆர்.கே.புரம் மலை மந்திர்ல வரிசையில நிக்கறோம், பாட்டுல மட்டும் கூச்சம். விளைவு? தில்லியில வளர்ற பசங்களுக்கு ரோஜா ஒரு இந்திப் படம். அவங்க தமிழ் பேச ஒரு பாட்டாவது கைப்பிடியா இருந்திருக்கும், அதையும் நாமளே பிடுங்கிட்டோம்.

அதுக்காக சென்னையில அவர் இந்திப் பாட்டு பாடினா நாம கூச்சல் போடணும்னு அர்த்தமில்ல. அப்படிப் பண்ணா வெம்ப்ளிக்காரங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

2009 பிப்ரவரியில ஆஸ்கர் மேடையில நின்னுக்கிட்டு, "எல்லாப் புகழும் இறைவனுக்கே"ன்னு தமிழ்ல சொன்னார் மனுஷன். அந்த அரங்கத்துல எத்தனை பேருக்குப் புரிஞ்சிருக்கும்? யாரும் எழுந்து போகல. உலகமே பார்க்கிற இடத்துல அவருக்கு வராத கூச்சம், நாப்பது குடும்பம் இருக்கிற சொசைட்டி விழாவுல நமக்கு எதுக்கு?

அடுத்த விழாவுல பிள்ளைங்களைத் தமிழ்லயே பாடச் சொல்லுங்க. பக்கத்து சீட்டு சர்மாஜி முழிச்சா, ரெண்டு வரிக்கு அர்த்தம் சொல்லுங்க. அவர் முகம் சுளிச்சா இருக்கவே இருக்கு அவரோட வசனம்...

"இசைக்கு மொழி கிடையாது ஜி!"