பேயின் வழக்கை யார் கேட்பது?

டேவ் பிரவுனும் டான் டர்ன்புல்லும் 1981இல் எழுதிய ‘தி சினிஸ்டர் சீக்ரெட் ஆஃப் சால்ட்மார்ஷ்’ என்ற ஆட்டக்கதை, கடலோர ஊர் ஒன்றின் பாழடைந்த வீட்டில் நடக்கிறது. ரசவாதி ஒருவர் வாழ்ந்து மறைந்த வீடு அது. இரவில் அலறல் கேட்கும், வெளிச்சம் தெரியும். ஊரார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆட்டக்காரர்கள் துணிந்து உள்ளே போனால், அலறல் ஒரு மந்திரவித்தை, வெளிச்சம் கடலில் நிற்கும் கப்பலுக்கான சைகை என்று தெரியவரும். வீட்டில் இருப்பவர்கள் கடத்தல்காரர்கள். பேய் அவர்கள் போட்ட காவல்.

பெரிய முதலியார்சாவடியில் இளைஞர்களோடு உட்கார்ந்து இத்தகைய ஆட்டங்களை நடத்துவதும் எழுதுவதும் என் வேலை. இவற்றில் நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். துணிந்து செய்யும் காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கிவைத்த வகை இது. சால்ட்மார்ஷ் கதையை இந்தக் கரைக்குக் கொண்டுவர நான் அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள். தெற்கே கூப்பிடு தூரத்தில், 1954 வரை இன்னொரு நாட்டின் ஆட்சியில் இருந்த புதுச்சேரி. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமையை ஆங்கிலேயர் 1815இல் உடன்படிக்கை போட்டே கைப்பற்றினார்கள் என்றால், உப்பு எல்லை தாண்டுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும்! பாழடைந்த வீட்டுக்கும் பஞ்சமில்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு வடக்குக் கரையில் மணல் சேராமல் போனது. கடல் அரித்துப் பாதி இடிந்து நிற்கும் சுவர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

அந்தக் கதையை நடத்தும்போது, பேய்ப் பேச்சால் யாருக்கு லாபம் என்ற கேள்வி தானாகவே மேசைக்கு வந்துவிடுகிறது. ‘பீட்சா’ (2012) படம் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி தெரியும். அங்கும் வைரத்தை மறைக்கத்தான் பேய் வீட்டுக் கதை கட்டப்படுகிறது. புரளியின் அடிவேரைத் தேடிப் பார்க்கும் பழக்கம் பதினேழு வயதில் வந்தால் நல்லதுதான். ஆனாலும் இந்த விடையோடு என்னால் நின்றுவிட முடியவில்லை. எல்லாப் பேயும் பொய் என்றானால், அந்த வீட்டில் உண்மையிலேயே அநியாயமாகச் செத்தவர் ஒருவர் இருந்தால் அவர் குரல் எங்கே போகும்?

இந்த ஆட்டங்களில் மற்றொரு வகைப் பேய் வீடு உண்டு. அங்கே பேய் நிஜம். ஆனால் அதுவும் அடித்துத் தீர்க்க வேண்டிய எதிரிதான். 1974ஆம் ஆண்டு விதிகளிலேயே, சமயகுருப் பாத்திரம் பகடை போட்டு ஆவிகளை விரட்டலாம். 1977இல் வந்த ‘டெகெல் மேனர்’ மாளிகையில் இருநூறுக்கும் மேற்பட்ட அறைகள். அவற்றின் பெரும்பாலான ஆவிகளுக்கு அங்கே இருப்பதற்கான காரணம் கிடையாது. இந்தக் குறை டிரேசி ஹிக்மனை உறுத்தியது. சுரங்க அறை ஒன்றில் திடீரென்று எதிர்ப்பட்ட ரத்தக்காட்டேரியைப் பார்த்து, இவனுக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்டுக்கொண்டதிலிருந்து பிறந்ததுதான், அவரும் லாரா ஹிக்மனும் எழுதி 1983இல் வெளியான ‘ரேவன்லாஃப்ட்’. ஸ்டிராட் என்ற அந்தப் பிரபுவுக்குக் காதலும் பொறாமையும் தம்பியைக் கொன்ற பாவமும் உண்டு. பெரிய பாய்ச்சல் அது, மறுக்கவில்லை. ஆனால் அங்கும் கடைசியில் எஞ்சுவது அவனைக் கொல்வதுதான்.

நம்மூர்ப் பேய் வேறு மாதிரி வருகிறது. பழையனூர் நீலி முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனை, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். பாய்ந்து கழுத்தை நெரித்திருக்கலாம். அவளோ ஊர்ப் பெரியவர்களின் சபைக்குப் போய், இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான் என்று முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் கண்ணுக்குத் தெரிந்த சாட்சியை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாகக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். அவன் செத்ததும் சொன்ன சொல்லைக் காக்கத் தீயில் இறங்குகிறார்கள். அவள் குறை நியாயமானது. அவள் சபையில் சொன்னது பொய். பெரியவர்கள் நேர்மையானவர்கள், அவர்கள் தீர்ப்பு பிழை. இவ்வளவு சிக்கலான பேய்க்கதை கைவசம் இருக்கும்போது, அடிக்கு அடி குறையும் உயிர்ப்புள்ளிகளை எண்ணிக் கழிக்கும் ஆட்டத்தோடு ஏன் திருப்திப்பட வேண்டும்?

ஆகவே நான் எழுதும் வீடுகளில் அறைக்கு அறை அரக்கன் இருப்பதில்லை, தடயம் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் உப்பள முதலாளியின் பழைய வீடு. ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்ற நாள். மேசை இழுப்பறையில் கூலிக் கணக்கு நோட்டு. ஒரே பெண்ணின் பெயருக்கு நேராக வாரா வாரம் கைநாட்டு, ஒரு வாரத்திலிருந்து அதே பெயருக்கு நேராகக் கையெழுத்து. இதைக் கண்டுபிடிக்கப் பகடை வேண்டாம், நோட்டைப் புரட்டினால் போதும். வீட்டுச் சமையல்காரம்மா வாய் திறப்பாரா என்பதற்குத்தான் பகடை. இரவில் அந்தப் பெண் வந்து நிற்பாள். அவள் கேட்பதைக் கொடுப்பதா, மறுப்பதா என்று ஆட்டக்காரர்கள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அவள் சொல்வதிலும் ஒரு பொய் இருக்கும்.

இதற்கு வரும் ஆட்சேபம் வலுவானது. பயப்படவும் சண்டை போடவும் வந்தவர்களை வழக்காடு மன்றத்தில் உட்கார வைக்கிறாய் என்கிறார்கள் உடன் ஆடுபவர்கள். விசாரணை நீண்டால் பயம் வற்றிவிடும் என்பது உண்மை. அதனால் என் வீடுகளிலும் துரத்தல் உண்டு, இடிந்து விழும் மாடிப்படி உண்டு. ஆனால் மேசையில் உண்மையான மௌனம் விழுவது, தவறாகத் தீர்த்தால் விலை கொடுக்கப்போவது தாங்கள்தான் என்று புரியும் தருணத்தில்தான். எந்த அரக்கனும் அந்த மௌனத்தைத் தந்து நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. உண்மையான வீட்டையும் உண்மையான இறப்பையும் ஆட்டத்துக்குள் விடமாட்டேன். 1821இல் இறந்த வணிகர் ஜான் டி மான்டி தன் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்தவர்; இன்று அவர் பெயரைச் சொன்னால் சென்னையில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆழ்வார்பேட்டையின் பேய்த் தெருவும் 2015இல் வந்த படமும்தான். இருநூறு ஆண்டு கழித்தும் ஒருவர் பெயருக்கு இது நேரும் என்றால், தனியாக வாழும் கிழவி ஒருத்தியின் வீட்டைப் பற்றி நம் மேசையில் பிறக்கும் கதை அவளை என்ன செய்யும்? 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் யார் யாரைக் கொண்டுபோனது என்பது ஆடுபவர்களின் வீடுகளுக்குத் தெரியும். அது ஆட்டத்துக்கான சரக்கு அல்ல.

அண்மையில் அஜித் ஜார்ஜ் உருவாக்கிய காலகேரி என்ற நிலமும் மிமி மொண்டால் எழுதிய மணிவர்ஷா ஆட்டக்கதையும் இந்திய நிலங்களை இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன. தமிழில் ஆட்டக்கதை எழுத வருகிறவர்கள் பேய்க்கான பக்கத்தில் உயிர்ப்புள்ளியை நிரப்பும் முன் மூன்று வரி எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: அது யாரிடம் என்ன கேட்கிறது, அதற்குச் சாட்சி யார், தீர்ப்புப் பிழைத்தால் ஈடு கொடுப்பது யார்.