சுருக்கும் முன் ஒரு நகல்

சின்ன அலுவலகங்களில் கம்ப்யூட்டரைவிட விலை உயர்ந்தது அதற்குள் இருக்கும் ஒரு ஃபைல். மருந்துக் கடையின் ஸ்டாக், பள்ளியின் கட்டணக் கணக்கு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்று பல வருட உழைப்பு ஒரே மைக்ரோசாஃப்ட் அக்செஸ் ஃபைலில் அடங்கியிருக்கும். 1992 நவம்பரில் வெளியான இந்த சாஃப்ட்வேரின் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். டேபிள், ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில். அது கெட்டால் எல்லாம் போச்சு.

அந்த ஃபைல் நாளுக்கு நாள் ஊதும். ஆயிரம் ரிக்கார்டுகளை அழித்தாலும் அளவு குறையாது. அழித்த இடத்தை அக்செஸ் காலி என்று குறித்துக்கொள்ளுமே தவிர, டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. இது பழைய கதைதான். 80களிலும் 90களிலும் கொடிகட்டிப் பறந்த டிபேஸ், ஃபாக்ஸ்புரோவில் டெலிட் செய்த ரிக்கார்டின் முன் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். 'ரீகால்' என்றால் திரும்பி வந்துவிடும். 'பேக்' கட்டளை கொடுத்த பிறகோ வரவே வராது.

அக்செஸில் இந்த வேலையைச் செய்வது 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்'. இது பழைய ஃபைலைப் பிழிந்து சிறிதாக்குவதில்லை. புதிதாக ஒரு ஃபைலைத் தொடங்கி, உயிருள்ள ரிக்கார்டுகளை மட்டும் அதில் எழுதி, இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டி, கடைசியில் பழையதன் இடத்தில் புதியதை வைக்கிறது. எனவே டிஸ்க்கில் இன்னொரு ஃபைலுக்கான இடம் இருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் வம்பு.

'ரிப்பேர்' என்ற பெயரை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. ஆரோக்கியமான ஃபைல் இதில் மெலியும். சீக்குப் பிடித்த ஃபைலில் படிக்க முடியாத பகுதியை அக்செஸ் விட்டுவிட்டுப் போகலாம். விட்டதைப் பற்றிய குறிப்பு 'எம்சிஸ்காம்பாக்ட்எரர்' என்று தொடங்கும் டேபிளில் இருக்கும். திறந்து பார்ப்பவர்கள் குறைவு. போனதை மீட்க பேக்-அப் ஒன்றே வழி.

பாதுகாப்பான முறைக்குப் பத்து நிமிடம் அதிகம் ஆகலாம், அவ்வளவுதான்:

• முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். ஃபைலின் பக்கத்தில் அதே பெயரில் '.லாக்டிபி' (பழைய பதிப்புகளில் '.எல்டிபி') தெரிந்தால், யாரோ உள்ளே இருக்கிறார்கள், அல்லது யாருடைய மெஷினோ நடுவில் நின்றுபோயிருக்கிறது.

• தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகல் எடுத்து, வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.

• நெட்வொர்க் வழியாகச் சுருக்க வேண்டாம். ஃபைலை உள்ளூர் ஹார்டு டிஸ்க்குக்குக் கொண்டுவந்து, வேறு பெயரில் சுருக்குங்கள். எந்த டேட்டாபேஸையும் திறக்காமல் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் புதுப் பெயரை அக்செஸே கேட்கும்.

• முக்கிய டேபிள்களின் ரிக்கார்டு எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். கடைசி பில் இருக்கிறதா, மாத ரிப்போர்ட் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே இடம் மாற்றுங்கள். பழையதை உடனே அழித்துவிட வேண்டாம்.

மூடும்போதெல்லாம் தானாகச் சுருக்கும் வசதியும் அக்செஸில் இருக்கிறது. அதை அணைத்து வைப்பதே நல்லது. நகல் எடுக்காமல் தினமும் ஆபரேஷன் செய்வதற்குச் சமம் அது.

ஃபைல் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்ததால்தான். கரண்ட் கட், தடுமாறும் வைஃபை, பொறுமையிழந்து புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடும் விரல் என்று காரணங்கள் பல. 2018இல் விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு வந்தபோது, நெட்வொர்க்கில் பகிரப்பட்ட அக்செஸ் ஃபைல்கள் பல இடங்களில் கெட்டன. கோளாறு ஃபைலில் இல்லை, அதை நெட்வொர்க்கில் விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எத்தனை முறை ரிப்பேர் செய்தாலும் மறுபடி கெடத்தான் செய்யும்.

பலர் பயன்படுத்தும் ஃபைலை இரண்டாகப் பிரிப்பது நல்ல தடுப்பு மருந்து. டேபிள்கள் மட்டும் சர்வரில். ஃபாரங்களும் ரிப்போர்ட்டுகளும் அடங்கிய ஃபைல் ஒவ்வொருவர் மெஷினிலும் தனித்தனியாக. ஒருவருடைய மெஷினில் ஃபாரம் கெட்டால் மாற்று ஃபைலை வைத்துவிடலாம். ஒன்டிரைவ் போன்ற இணைய ஃபோல்டரில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது. புகைப்படங்களை டேபிளுக்குள் திணிக்காமல், அவை இருக்கும் இடத்தை மட்டும் எழுதி வைத்தால் ஃபைல் ஊதுவதும் குறையும்.

அக்செஸ் ஃபைலின் உச்ச வரம்பு 2 ஜி.பி. சுருக்கியும் அதை நெருங்கிக்கொண்டே இருந்தால், எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற பெரிய வீட்டுக்குக் குடிபோகும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை மாதம் ஒருமுறை சுருக்கினால் போதும். பேக்-அப் மட்டும் தினமும் வேண்டும்.