போனால் தாங்குமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

பிறர் பொருளை இணையதளத்தில் பரிந்துரைத்து, விற்பனைக்குக் கமிஷன் பெறுவது இன்று ஒரு தொழில். கூகுள் தேடலில் முதலிடம் கிடைத்தால் வருவாய் பெருகும். அதற்காகப் பிற தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்கும் குறுக்கு வழியும் உண்டு. அது பலிக்காது என்று நான் கூறமாட்டேன். சில மாதம் பலிக்கும்.

பிறகு? ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடையின் தளத்துக்கு இத்தகைய இணைப்புகள் குவிந்திருந்தமை 2011 பிப்ரவரியில் வெளிப்பட்டது. உடனே தேடலில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2012 ஏப்ரலில் வந்த 'பென்குவின்' மாற்றமோ, ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காட்டைப் பாதித்தது. பென்னிக்கு ஆயிரம் கடைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது. தேடலை மட்டுமே நம்பிய சிறு தளத்துக்கு என்ன இருக்கிறது?

நண்பர் ஒருவர் இத்தொழிலில் என்னையும் ஐயாயிரம் ரூபாய் போடச் சொன்னார். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது. பத்துத் தளம் உடையவர் ஒன்றை இழக்கலாம். ஒன்றே உடையவருக்கு முதலுக்கே மோசம் அன்றோ? நண்பர்களே, எவ்வளவு வரும் என்று கேட்குமுன், போனால் தாங்குமா என்று கேட்போம். நான் கேட்டேன்; மறுத்துவிட்டேன்.