இதெல்லாம் ஒரு குளிரா?

மார்கழி பிறந்து நாலு நாள் ஆவதற்குள் இந்த வசனம் ஊரில் கேட்க ஆரம்பித்துவிடும். "இதெல்லாம் ஒரு குளிரா?" சொல்பவர் பெரும்பாலும் டிசம்பர் லீவுக்கு டொரண்டோவில் இருந்து வந்திறங்கிய உறவுக்காரர். அவர் இல்லையென்றால், ஒரு வருஷம் டெல்லியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணன். டீக்கடை பெஞ்சில் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்பு வேறு. "அங்கெல்லாம் மைனஸ் முப்பது தெரியுமா? இதுக்குப் போய் மஃப்ளரா?"

சும்மா ஒரு பேச்சுதானே, இதற்கு எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். இந்த ஒரு வரிக்குள் ரெண்டு பொய் ஒளிந்திருக்கிறது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் குளிரிலேயே வாழ்கிறார்கள் என்பது முதல் பொய். இங்கே இருப்பவர்களுக்குக் குளிர் என்று ஒன்றே கிடையாது என்பது ரெண்டாவது. முதல் பொய் வெறும் வெட்டிப் பெருமை, போனால் போகிறது. ரெண்டாவது பொய் ஆளைக் கொல்லும்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடலாம். மேல்பட்டாம்பாக்கம், கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு பேரூராட்சி. விழுப்புரம் - கடலூர் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். பண்ருட்டியைத் தாண்டிப் போனால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம், டவுன்ஷிப் எல்லாம் அங்கே. இந்த வட்டாரத்தில் மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சில நாள் அதற்கும் கொஞ்சம் கீழே போகும். பனி என்றால் இங்கே புல் நுனியில் நிற்கிற துளிதான், அள்ளி விளையாடுகிற பனிக்கட்டி கிடையாது.

"அப்படியென்றால் அது குளிர்காலமே இல்லை" என்பது நக்கல்காரர் வாதம். தமிழ் இலக்கணக்காரர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். அவர்கள் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. ஆக, வருஷத்தில் பாதியைக் குளிருக்கும் பனிக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்! பனி இரவின் முற்பகுதியில் விழுகிறதா பிற்பகுதியில் விழுகிறதா என்று பார்த்துப் பெயர் வைத்த மண் இது. பனிக்கட்டி விழாத ஒரே காரணத்தால் இந்த மண்ணுக்குக் குளிர்காலம் தெரியாது என்று சொல்ல முடியுமா?

இலக்கணம் பழைய கதை என்பவர்களுக்காக இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு. 'குளிர் அலை' என்று அறிவிக்க அவர்கள் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். மலைப்பகுதியில் 0 டிகிரி. கடலோரத்தில் 15 டிகிரியே போதும். அந்த அளவுக்கு இறங்கியதோடு, அந்த ஊரின் இயல்பான வெப்பநிலையைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குளிர் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம் என்று தெர்மாமீட்டர் வைத்திருக்கிற ஆபீசே ஒத்துக்கொள்கிறது. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைப் பார்த்த உடம்புக்கு 19 டிகிரி நிஜமாகவே குளிரும். அது பலவீனம் கிடையாது, உடம்பின் பழக்கம்.

இப்போது அந்த மைனஸ் முப்பது வீரர்களிடம் வரலாம்.

டொரண்டோ மாநகராட்சியில் ஒரு சட்டம் இருக்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டில், குளிர் மாதங்களில் உள்ளே குறைந்தது 21 டிகிரி இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். 21 டிகிரி! காற்று வேகத்தையும் சேர்த்து மைனஸ் 28-க்குக் கீழே உணரப்படும் குளிரில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா அரசே எச்சரிக்கிறது. அதனால் அங்கே யாரும் குளிரில் 'வாழ்வது' இல்லை. வீட்டில் ஹீட்டர், காரில் ஹீட்டர், ஆபீஸில் ஹீட்டர். மாண்ட்ரியல் நகரத்தில் வெளியே தலை காட்டாமலே கடைக்கும் ரயிலுக்கும் ஆபீசுக்கும் போக 30 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கனடா வீட்டுக்கு ஆகும் எரிசக்தியில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்கவே போகிறது.

யோசித்துப் பாருங்கள். குழாய் பதித்து, கேஸ் எரித்து, மாசா மாசம் பில் கட்டி அவர்கள் வீட்டுக்குள் உண்டாக்கிக்கொள்வது என்ன? 21 டிகிரி. அதாவது மேல்பட்டாம்பாக்கத்தின் ஒரு மார்கழி விடியற்காலை. இங்கே அது தெருவில் இலவசமாகக் கிடக்கிறது, கதவைத் திறந்தால் போதும் :-)

இதை வைத்து, போனவர்களைக் கிண்டல் பண்ணுவதும் தப்பு. யாரும் பனிக்கட்டி மேல் ஆசைப்பட்டுக் கனடா போகவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் ரெண்டு உயிர்காப்புப் படகில் தத்தளித்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். அவர்களுக்கெல்லாம் குளிர் என்பது உயிரோடு இருப்பதற்குக் கொடுத்த விலை. வேலைக்காகவும் படிப்பாகவும் போனவர்களும், இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்பும் குளிர்காலத்தைச் சகித்துக்கொண்டுதான் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்துக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கஷ்டம், மஃப்ளர் கட்டிய பெரியவரைப் பார்த்துச் சிரிக்கக் கொடுத்த லைசென்ஸ் ஆகாது.

மிதமான குளிரால் என்ன கிடைக்கிறது என்பதைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலையில் வாசலில் கோலமும் அதன் நடுவில் பரங்கிப்பூவும். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு இருட்டோடு சேருகிற கூட்டம். நெய்வேலிக்குப் பக்கத்தில் வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம். மறுநாள் விடியற்காலை தரிசனமும் பார்க்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சபையைச் சுற்றித் திறந்தவெளியிலேயே ராத்திரியைக் கழிக்கிறார்கள். ஜனவரி மாத ராத்திரியில் இப்படி ஒரு கூட்டம் வெட்டவெளியில் படுத்து எழுந்திருக்க உலகத்தில் எத்தனை ஊரில் முடியும்? பொங்கலுக்குப் பன்னீர்க் கரும்பு வெட்டுவதும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்க ஆரம்பிப்பதும் இந்தப் பனிக்காலத்தில்தான். இதையெல்லாம் வெட்கப்படாமல் ரசிக்கலாம். "சுவிட்சர்லாந்து மாதிரி வருமா" என்று பாட்டு சீனைப் பார்த்து ஏங்க வேண்டிய அவசியமே இல்லை.

அதுவும் இந்தக் குளிர் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1901-ல் இருந்து வைத்திருக்கும் பதிவுகளில் இந்தியாவின் மிகச் சூடான வருஷம் 2024 என்று வானிலைத் துறை அறிவித்தது. நெய்வேலியில் 1962-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி மின்சாரமும், டொரண்டோவில் எரியும் கேஸும் சேர்ந்துதான் அந்தக் கணக்கை ஏற்றுகின்றன. இருக்கும்போது கிண்டல் பண்ணிய குளிரைத் தேடுகிற காலமும் வரலாம்.

சரி, ரெண்டாவது பொய். "இங்கே குளிரால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?"

1997-ல் லான்செட் மருத்துவ இதழில் ஐரோப்பாவைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் மரணம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். ஃபின்லாந்து போன்ற கடுங்குளிர் ஊர்களைவிட ஏதென்ஸ் போன்ற மிதமான ஊர்களில்தான் அதிகமாகக் கூடியது! காரணம் ரொம்ப எளிமை. வெளியே ஒரே 7 டிகிரி இருக்கும் நாளில், தெற்கு ஃபின்லாந்து வீட்டுக்குள் 21.7 டிகிரி, ஏதென்ஸ் வீட்டுக்குள் 19.2 டிகிரி. வெளியே போகும்போது தொப்பி போட்டவர்கள் அங்கே 72 சதவீதம், இங்கே 13 சதவீதம். 2003-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 14 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டது. குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் மரணம் போர்ச்சுகலில் 28 சதவீதம், ஃபின்லாந்தில் 10 சதவீதம். இந்திய மரணங்களை ஆராய்ந்து 2018-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியான ஆய்வும், கடுங்குளிரைவிட மிதமான குளிரோடு தொடர்புடைய மரணங்களே பல மடங்கு அதிகம் என்றது. மிதமான குளிர் நாட்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்.

ஆக, ஆளைக் கொல்வது தெர்மாமீட்டர் காட்டும் எண் மட்டும் இல்லை. சுவரும் கூரையும் போர்வையும் இருக்கிறதா என்பதில்தான் விஷயம். குளிர்நாட்டுக்காரர்களுக்குக் குளிர் பயம் உண்டு, அதனால் சட்டம் போட்டு வீட்டைச் சூடாக்கினார்கள். மிதமான ஊர்க்காரர்கள் "இதெல்லாம் ஒரு குளிரா" என்று சொல்லிக்கொண்டே ஏழைகளை வெளியே படுக்க விட்டார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் கான்கிரீட் குவார்ட்டர்ஸுக்குள் போர்த்திக்கொண்டு ஃபில்டர் காபி குடிக்கிறவருக்கு மார்கழி சுகம்தான். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற இந்தப் பக்கத்தில், வெட்டுக்கு வருகிற ஆட்கள் குடும்பத்தோடு வயலோரம் தார்ப்பாய்க் கொட்டகையில் தங்குவது உண்டு. அதே 19 டிகிரிதான். ஆனால் தரை ஈரம், பக்கவாட்டில் காற்று, குழந்தைக்கும் சேர்த்து ஒரே போர்வை. பிறந்த குழந்தையின் உடம்பு 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வெயில் நாடுகளிலும் சகஜமாக நடக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த மாவட்டத்தின் குளிர்காலம் பலமுறை ஈரத்தோடு வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்த தண்ணீர். உடம்பின் சூட்டைக் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். நனைந்த துணியோடு பள்ளிக்கூட வராண்டாவில் ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டியிடம் போய் "22 டிகிரிதானே பாட்டி" என்று சொல்ல முடியுமா?

"அதற்காக இங்கேயும் ஹீட்டர் மாட்டச் சொல்கிறீர்களா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். ஃபின்லாந்துக்காரர் லட்சக்கணக்கில் செலவு பண்ணிச் செய்வதை இங்கே ஒரு நல்ல போர்வை, ஈரமில்லாத தரை, காற்றை மறைக்கிற ஒரு தட்டி செய்துவிடும். அவ்வளவு சல்லிசாகத் தீர்கிற பிரச்சினை இது. வீடில்லாதவர்களுக்கு இரவுக் காப்பகம் திறக்கச் சொல்லி 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே டெல்லிக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. பேரூராட்சிகளும் கிராமப் பஞ்சாயத்துகளும் கோர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கார்த்திகையிலேயே ஒரு சமுதாயக் கூடத்தைச் சுத்தம் பண்ணித் திறந்து வைத்தால் போதும். வெட்டுக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரிகளும் கரும்புக்காரர்களும் கொட்டகையோடு போர்வைக் கணக்கையும் சேர்க்கலாம்.

மாணவர்களால் ஆகிற காரியமும் ஒன்று இருக்கிறது. போகி அன்று விடியற்காலையில் தெருத்தெருவாகப் பழைய பாய், பழைய துணி, பழைய போர்வை எல்லாம் எரியும். அதே நேரத்தில் ஊருக்கு வெளியே கரும்பு வயலோரம் ஒரு குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கும். கிழியாத போர்வைகளை மட்டும் போகிக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாக வாங்கி, துவைத்துக் காயவைத்து, அந்தக் கொட்டகைகளில் கொண்டுபோய்க் கொடுங்கள். டொரண்டோவில் இருந்து வந்த மாமாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மைனஸ் முப்பதைப் பார்த்தவர் ஆயிற்றே, போர்வையின் அருமை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.